வெள்ளிக்கிழமை எப்போது பிறக்கும்?

"ஏங்க, வெள்ளிக்கிழமை எப்பங்க பொறக்குது?"

ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஆபீஸ் போனை எடுத்து வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மறுமுனையில் ஒரு பெண் குரல் இப்படிக் கேட்டது. நடுத்தர வயதுக் குரல். தூக்கமில்லாத குரல் என்பது இப்போது நினைக்கும்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. வேலை நேரத்தில் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன்.

"ராத்திரி பன்னெண்டு மணிக்குங்க. எல்லாக் கெழமையும் அப்பதான் பொறக்கும்" என்றேன்.

"பன்னெண்டு மணிக்கா?"

"ஆமாங்க. வேற எதாவது வேணுமா?"

அந்த அம்மா போனை வைத்துவிட்டார். நான் பக்கத்து நாற்காலியைப் பார்த்துச் சிரித்தேன். பழக்க தோஷம். அந்த நாற்காலி காலியாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அந்த நாற்காலிக்காரி நாகூர்ப் பெண். என்னைவிட மூன்று வயது சின்னவள். தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி, நான், அவள், அவ்வளவுதான் மொத்த சாப்ட்வேர் கம்பெனி. மழைக்காலத்தில் கீழேயிருந்து பூச்சிமருந்து வாடை படியேறி வந்து கீபோர்டு வரைக்கும் உட்கார்ந்துகொள்ளும். நான் திருவையாற்றிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவேன். அவள் நாகூரிலிருந்து ரயிலில் வருவாள். கூப்பிடு தூரத்தில் இருக்கும் நான் தினமும் தாமதம். எங்கேயோ கடற்கரையிலிருந்து கிளம்புகிறவள் எனக்கு முன்னால் வந்து ஜன்னலைத் திறந்து வைத்திருப்பாள். "பஸ்ஸு பஞ்சரா அக்கா, இல்ல ஐயாறப்பரே வழிய மறிச்சிட்டாரா?" என்று கேட்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவள் டப்பாவைத் திறந்து வாடாவை நீட்டுவாள். நாகூரில் மாவுக்கு நடுவே இறால் வைத்துச் சுடுகிற பண்டம் அது. கோபத்தோடு அதைத் தின்ன முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

எங்கள் இரண்டு பேருக்கும் வேலை செய்கிற விதம்தான் ஒத்துவராது. எனக்கு எதுவும் சுத்தமாக இருக்க வேண்டும். வீட்டில் பாத்திரம் கவிழ்க்கிற மேடை முதல் கம்ப்யூட்டருக்கு எழுதுகிற கோட் வரைக்கும் அப்படித்தான். நாலு வரியில் முடிவதை ஆறு வரியில் எழுதினால் என் கை துறுதுறுக்கும். அவளோ வளவளவென்று குறிப்பு எழுதுவாள். கோட்டுக்கு மேலே, பக்கத்தில், கீழே, இண்டு இடுக்கில் எல்லாம். அதுவும் ஆங்கில எழுத்தில் அடித்த பேச்சுத் தமிழில். 'இங்க ஜாக்கிரதை', 'இது ஏன்னு அப்புறம் சொல்றேன்', 'இன்னிக்கு ரயில் லேட்டு, அதனால இது அரைகுறை' என்றுகூட எழுதியிருக்கிறாள். "கோட் எழுதுறியா, காயிதம் எழுதுறியா?" என்று நான் கேட்பேன். "ரெண்டுந்தான் அக்கா. கோட் கம்ப்யூட்டருக்கு, காயிதம் உங்களுக்கு" என்பாள்.

அவள் போனதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் கடையில் இருந்தார். விசா வந்தது. போனாள். கடைசி நாள் நான் திருவையாற்று அசோகா அல்வா ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பில் இருக்கிறதா, ஏர்போர்ட்டில் கேட்பார்களா என்று சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தேன். அவள் மட்டும் தாராளமாக அழுதாள்.

இனி அந்தப் போன் விஷயத்துக்கு வருகிறேன்.

பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமம். காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் நனைத்துவிட்டு, மிச்சமிருந்தால் கடைசியாக எட்டிப்பார்க்கிற இடம். தென்னந்தோப்புகள் அதிகம். புயலில் தென்னை சாய்ந்தபிறகு சில பேர் மறுபடி நெல்லுக்குத் திரும்பியிருந்தார்கள். அங்கே ஒரு கிளை வாய்க்காலில் ஏழு பங்குக்காரர்கள். தண்ணீர் தட்டுப்பாடான வருஷங்களில் ஆளுக்கு ஒரு கிழமை என்று முறை வைத்து மடை திறப்பார்கள். யாருக்கு என்றைக்கு முறை என்பதில் வருஷா வருஷம் தகராறு. அந்த ஊர் விவசாயிகள் சங்கம் எங்களிடம் வந்து, செல்போனில் பார்த்தால் இன்றைக்கு யார் முறை என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான் என்று கேட்டது. அந்த வெப் பக்கத்தைச் செய்தது அவள். நாகூரிலிருந்து தஞ்சாவூர் வருகிறவள், பட்டுக்கோட்டைக்கு ஒரு பஸ், அப்புறம் இன்னொரு பஸ் ஏறி அந்த ஊருக்கு மூன்று தரம் போய்வந்தாள். போனில் கேட்டால் போதாதா என்று நான் சலித்துக்கொண்டேன். பங்குக்காரர்களின் பெயரெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் எங்களுக்குள் பேசும்போது புதன்கிழமைக்காரர், வியாழக்கிழமை அம்மா, வெள்ளிக்கிழமைக்காரர் என்றுதான் சொல்லுவாள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

அந்த வெப் பக்கத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. பச்சை நிறத்தில் கொட்டை எழுத்தில் ஒரு பெயர். யார் பெயர் இருக்கிறதோ அவர் மடை திறக்கலாம். இரண்டு வருஷம் அது பேசாமல் ஓடியது. தகராறு நின்றதென்று சங்கத்துக்காரர் ஒரு தரம் இளநீர் குலை கொண்டுவந்து மாடியில் இறக்கிவிட்டுப் போனார்.

அவள் போனபிறகு அவள் கோட் எல்லாம் என் தலையில். ஒரு திங்கட்கிழமை வேறு வேலை இல்லாமல் அதைத் திறந்தேன். இன்றைக்கு என்ன தேதி என்று கண்டுபிடிக்கிற இடத்தில், புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகள் செய்கிற தப்பு ஒன்று இருந்தது. கம்ப்யூட்டருக்குள் நேரம் என்பது லண்டன் பக்கத்து நேரம். அங்கே நள்ளிரவு ஆகும்போது நமக்கு விடியற்காலை ஐந்தரை. அதை நம் ஊர் நேரத்துக்கு மாற்றாமல் அப்படியே தேதியைக் கேட்டால், ராத்திரி பன்னிரண்டிலிருந்து காலை ஐந்தரை வரைக்கும் நேற்றைய தேதியே வரும். அவள் அதைத்தான் செய்திருந்தாள். அதற்கு மேலே ஒரு பத்து வரிக்குக் காயிதம். படிக்கவில்லை. இரண்டு வருஷம் இந்தத் தப்போடு ஓடியிருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டு, அந்த ஒரு வரியைத் திருத்தினேன். காயிதத்தை அழித்தேன். அந்த வேலையைச் செய்கிற கோட் துண்டுக்கு, அதாவது ஃபங்ஷனுக்கு, அவள் 'விடிஞ்சாச்சா' என்று பெயர் வைத்திருந்தாள். அதையும் எடுத்துவிட்டு ஒழுங்கான ஆங்கிலப் பெயர் ஒன்று வைத்தேன். மனசு நிறைந்தது. மேடையைத் துடைத்துவிட்டுத் துணியைப் பிழிந்து காயப்போட்ட மாதிரி இருந்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமைதான் முதல் போன் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே குரல். இந்தத் தடவை அவர் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

"நான் வியாழக்கிழமைங்க" என்றார். "என் நாத்தங்கால் காயுதுங்க."

அவ்வளவு சொன்னதுமே நான் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டேன். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அது ஆவணி மாதம். சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தார். பகலில் மேலே உள்ளவர்கள் மோட்டார் போட்டு இழுத்துவிடுவார்கள், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருவதே நடு ராத்திரிக்கு மேல்தான். அவர் முறை வியாழன் விடிந்து தொடங்கி வெள்ளி விடிகிற வரைக்கும். அதில் நிஜமாகத் தண்ணீர் வருவது அந்தக் கடைசி ஐந்தாறு மணி நேரம். போன வாரம் ராத்திரி பன்னிரண்டுக்கே வெள்ளிக்கிழமைக்காரர் ஆளை அனுப்பி இவர் மடையை அடைத்துத் தன் மடையைத் திறந்துவிட்டார். இந்த வாரமும் அப்படியே.

"கேட்டா செல்லக் காட்டுறாருங்க. என் பேருதான் வந்திருக்கு பாருங்கறாரு. பாத்தா அவரு பேருதான் இருக்கு. நீங்களும் அன்னிக்குப் பன்னெண்டு மணிக்குத்தான் பொறக்கும்னு சொல்லிட்டீங்க. நான் எங்க போயிச் சொல்ல?"

 என் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்படின்னா உங்களுக்கும் புதன்கிழமை ராத்திரி பன்னெண்டுக்கே முறை வந்துடுமேங்க. அங்க விட்டத இங்க புடிச்சிக்கலாமே?" என்றேன்.

"புதன்கிழமைக்காரரு விடுவாராங்க? செல்லாவது கில்லாவது, விடியட்டும்ங்கறாரு. முன்னால நிக்கிறவருக்கு விடிஞ்சாத்தான் கெழம மாறுது. பின்னால நிக்கிறவருக்கு ராத்திரியே மாறிடுது. நடுவுல நான் நிக்கிறேன்."

  அப்புறம் சொன்னார்: "வெள்ளிக்கிழமைக்காரரு வேற யாரும் இல்லீங்க. என் கூடப் பொறந்த அண்ணன். அப்பா பாகம் பிரிச்சப்பகூட நாங்க ஒரு வார்த்த தடிச்சுப் பேசினதில்ல. இப்ப ஒரு வாரமா பேச்சில்ல."

"நாங்க ஒண்ணும் மாத்தலீங்களே" என்று சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னேன். அந்த நிமிஷத்தில் நான் அதை நம்பினேன் என்பதுதான் இன்னும் கேவலம். ஒரு தப்பைத் திருத்துவதை மாற்றுவது என்று நான் கணக்கில் வைப்பதில்லை.

போனை வைத்ததும் வேலையை ஆரம்பித்தேன். உண்மையைச் சொன்னால், நான் செய்தது சரி என்று நிரூபிக்கத்தான் ஆரம்பித்தேன். மணி காலை பதினொன்று. லேப்டாப் கடிகாரத்தைத் திருப்பி அன்றைக்கு விடியற்காலை இரண்டு மணி என்று வைத்தேன். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னம்மா, உச்சி வெயில்ல ஜாமம் ஆக்கிட்டே?" என்றார்.  பக்கத்தைத் திறந்தால் கொட்டை எழுத்தில் அண்ணன் பெயர். என் கணக்குப்படி சரி. அப்படியானால் இரண்டு வாரத்துக்கு முன்னால் மட்டும் ஏன் தகராறு இல்லை? கோட் ஓடுவதை நான் திருத்தின வரியில் நிறுத்திப் பார்த்துவிடலாம் என்று பிரவுசரில் கோட்டைத் திறந்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் எழுதுகிற கோட் அப்படியே செல்போனில் ஓடாது. அந்த ஊர்ப் பங்குக்காரர்களின் போன்கள் பாதி, மகனோ மருமகனோ புதுசு வாங்கியதும் கைமாறி வந்தவை. பழைய பிரவுசர். அதனால் நாங்கள் புதிய மொழியில் எழுதுவதை ஒரு கருவி பழைய மொழிக்கு மாற்றி, இடைவெளி எல்லாம் எடுத்து, குறிப்பு எல்லாம் எடுத்து, பெயரை எல்லாம் ஓரெழுத்தாக வெட்டி ஒரே வரியாக நசுக்கித் தரும். அவள் 'விடிஞ்சாச்சா' என்று ஆசையாக வைத்த பெயர் அதில் வெறும் 't'. அதை மனுஷர் படிக்க முடியாது. அதற்காகக் கூடவே ஒரு ஃபைல் போகும், சோர்ஸ் மேப் என்று பெயர். நசுக்கின கோட்டில் இந்த இடம், நீ எழுதின கோட்டில் எந்த வரி என்று சொல்லுகிற வரைபடம். பிரவுசர் அதை வைத்து, ஓடுவது நசுக்கின கோட் என்றாலும், நாம் எழுதினதை நம் கண்முன் விரித்துக் காட்டும். எழுதின மூலம் முழுவதும் எழுத்துக்கு எழுத்து அந்த வரைபடத்துக்குள்ளேயே சுருட்டி வைத்திருக்கும்.

நிறுத்தினேன். விரிந்தது. ஆனால் விரிந்தது நான் எழுதினது இல்லை.

அம்புக்குறி நின்ற இடத்தில் இருந்தது நான் அழித்த வரி. லண்டன் நேரத்தில் தேதி கேட்கிற அதே வரி. ஃபங்ஷன் பெயர் 'விடிஞ்சாச்சா'. சுட்டியை மேலே கொண்டுபோனால் உள்ளே இருக்கிற மதிப்பு தெரியும். அது வெள்ளி என்றது. திரையில் இருக்கிற வரி நிஜமாக ஓடியிருந்தால் வியாழன் என்றுதான் வந்திருக்க வேண்டும். எழுத்து ஒன்று சொல்லுகிறது, ஓட்டம் ஒன்று சொல்லுகிறது.  இல்லாத வரி எப்படி வந்து நிற்கிறது?

இரண்டு நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது. அந்தத் திங்கட்கிழமை ஆபீஸ் நெட் படுத்துக் கிடந்தது. நசுக்கின கோட் சின்ன ஃபைல், போய்விட்டது. சோர்ஸ் மேப் பெரிய ஃபைல், பாதியில் நின்று நின்று போனது. எரிச்சலில் விட்டுவிட்டேன். அதனால் சர்வரில் என் கோட்டும் அவளுடைய பழைய வரைபடமும் ஜோடியாக இருந்தன. வாய்க்கால் தூர்ந்து ரோடு ஆனபிறகும் சர்வேயர் பழைய புலப்படத்தை வைத்துக்கொண்டு இங்கேதான் வாய்க்கால் என்று நிற்பாரே, அதுமாதிரி. என் சோம்பேறித்தனத்தால் பிழைத்துக் கிடந்தது அது. கோட்டின் பழைய பிரதிகளைச் சேர்த்துவைக்கிற 'கிட்'டில் தேடியிருந்தாலும் அது கிடைத்திருக்கும். தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்காது.

அந்த வரிக்கு மேலே நான் படிக்காமல் அழித்த பத்து வரி அப்படியே இருந்தது. இந்தத் தடவை படித்தேன்.

'கீழ இருக்கிற வரி தப்பு மாதிரிதான் இருக்கும். காலைல அஞ்சரைக்குத்தான் தேதி மாறும். லண்டன் நேரம்னு எனக்கும் தெரியும். மொதல்ல நானும் திருத்திட்டேன். அப்புறம் ஊருக்குப் போய் வாய்க்கா மேல நின்னு கேட்டேன். விடிஞ்சாத்தான் அடுத்தவங்க முறையாம். அது வரைக்கும் நேத்துதானாம். அதனால பழையபடி மாத்திட்டேன். எங்க வீட்ல பொழுது சாஞ்சு மஃரிபு பாங்கு சொன்னா நாள் மாறிடும். இந்த ஊர்ல விடிஞ்சா மாறுது. ராத்திரி பன்னெண்டு மணிக்கு யாருக்குமே மாறுறதில்ல. அக்கா, இதத் திருத்த நீங்கதான் வருவீங்க. எனக்குத் தெரியும். வேணாம்.'

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்குப் போய் நின்றேன். கீழே உரக்கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அழுகை வந்தது. அவள் ஷார்ஜா போன அன்று வராத அழுகை. அந்தக் காயிதம் எனக்கே எழுதினது. அவள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் வாடா தின்றுகொண்டிருக்கும்போது எழுதினது. அதைத்தான் குப்பை என்று கூட்டித் தள்ளியிருந்தேன்.

அவளுடைய வெள்ளிக்கிழமை எனக்குப் புதிதே இல்லை. வியாழக்கிழமை சாயந்திரம் மணி ஆறு தாண்டிவிட்டால், "அக்கா, எனக்கு வெள்ளி வந்துடுச்சு, உங்களுக்குத்தான் இன்னும் வேலை நாளு" என்று சொல்லி லேப்டாப்பை மூடுவாள். வியாழன் ராத்திரியை அவள் வீட்டில் வெள்ளி இரவு என்றுதான் சொல்வார்கள். நான் அதைச் சீக்கிரம் கிளம்புகிற சாக்கு என்று கேலி செய்வேன். நாள் என்பது எப்போது பிறக்கிறது என்று ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கு இருக்கும் என்பது அவளுக்கு இயல்பாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் வாய்க்காலில் போய்க் கேட்கத் தோன்றியிருக்கிறது. நான் கடிகாரத்தைத் தவிர யாரையும் கேட்கிற ஆள் இல்லை.

ஒரு மணிக்குள் அவள் வரியைத் திரும்ப வைத்தேன். காயிதத்தையும், 'விடிஞ்சாச்சா' என்ற பெயரையும் வைத்தேன். இந்தத் தடவை சோர்ஸ் மேப்பும் முழுவதும் ஏறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்து, தப்பு எங்கள் பக்கம், சரிசெய்துவிட்டோம் என்றேன். "சரிங்க" என்றார். நாற்று எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பாதி காஞ்சு பழுத்துடுச்சுங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

போனில் சொன்னால் போதாது என்று எனக்கு முதல் தடவையாகத் தோன்றியது. அடுத்த வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டுப் பட்டுக்கோட்டை பஸ் ஏறினேன். இறங்கி, இன்னொரு பஸ். அவள் மூன்று தரம் போன வழி. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த அம்மா வாய்க்கால் மதகடியில் நின்றிருந்தார். நாற்றங்காலில் மடையை ஒட்டின பகுதி மட்டும் பச்சை. மேட்டுப்பக்கம் வைக்கோல் நிறம். அண்ணனை வரச்சொல்லி நான்தான் சங்கத்துக்காரரிடம் சொல்லியிருந்தேன். அவர் வரப்பில் வந்து, தங்கச்சிக்கு இரண்டு கஜம் தள்ளி நின்றார். தலையில் துண்டு. கையில் அந்தச் செல்போன்.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததை எல்லாம் மறந்துவிட்டு, ஒரே மூச்சில் சொன்னேன். "ஐயா, அந்தப் பேரு ராத்திரி மாறினது என் தப்பு. விடிஞ்சாத்தான் மாறணும். நான் தெரியாம மாத்திட்டேன். உங்க தங்கச்சி மேல தப்பில்ல. உங்க மேலயும் தப்பில்ல. செல்லுதான் உங்களுக்குத் தப்பா வழி காட்டிடுச்சு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இந்த வாய்க்கால்ல நாப்பது வருஷமா மட தொறக்கிறேன்" என்றார். "விடிஞ்சாத்தான் என் முறைன்னு எனக்குத் தெரியாதா? செல்லு காட்டுச்சு. எனக்கும் நாத்து காயுது. எடுத்துக்கிட்டேன்."

இதற்கு நான் தயாராக வரவில்லை. தப்பை முழுக்க என் தலையில் போட்டுக்கொண்டால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று வந்தேன். அவர் தப்பில் தன் பங்கைக் கொடுக்க மாட்டேன் என்கிறார். அந்த அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

அண்ணன் என்னிடம் சொன்னார், "என் நாத்தங்கால்ல நடவு போக மிச்சமிருக்கும். பறிச்சுக்கச் சொல்லுங்க."

இரண்டு கஜத்தில் நிற்கிற அந்த அம்மா என்னிடம் சொன்னார், "எனக்கு வேணாம்னு சொல்லுங்க."

"வீம்பு பண்ண வேணாம்னு சொல்லுங்க."

"எனக்கு வேண்டியது தண்ணி. நாத்து இல்லன்னு சொல்லுங்க."

நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னிடம் சொல்லச் சொன்னார்களே தவிர, நான் சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. எல்லாம் அவரவர் காதிலேயே விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்து போய்விட்டார்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பொழுது இறங்கிவிட்டது. ஷார்ஜாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே, "அக்கா, அங்க மஃரிபு ஆயிடுச்சா?" என்றாள். தூரத்தில் ஏதோ ஒரு பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. ஆயிற்று என்றேன். "எனக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. நீங்க வெள்ளிக்குப் போயிட்டீங்க, நான் இன்னும் வியாழன்லேயே கெடக்கேன்" என்று சிரித்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். பழைய வரைபடத்தில் அவள் காயிதம் இருந்ததையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்க மாத்துவீங்கன்னு தெரியும் அக்கா" என்றாள். "படிக்காம மாத்துவீங்கன்னுதான் தெரியாது."

 வாடா நினைப்பாக இருக்கிறது என்றேன். அங்கே அந்த மாதிரி இறால் கிடைப்பதில்லை என்றாள். பஸ் வந்துவிட்டது.

மறுநாள் காலை போன் அடித்து எழுந்தேன். ஜன்னலில் வெளிச்சம் அப்போதுதான் வந்திருந்தது. வியாழக்கிழமை அம்மா. என் சொந்த நம்பரை முந்தின நாள் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். மறுபடி ஏதாவது தப்பாகிவிட்டதோ என்று பதறி எழுந்து உட்கார்ந்தேன்.

"பேரு மாறிடுச்சுங்க" என்றார். பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. "அஞ்சரைக்குத்தான் மாறிச்சு. ராத்திரி பூரா எனக்குத் தண்ணி வந்துச்சு. ஒருத்தரும் கை வைக்கல."

"நல்லதுங்க. உங்க அண்ணன் வந்துட்டாரா?"

"வரல. அரைமணி நேரமாப் பாக்கிறேன், அவரு ஆளக்கூட அனுப்பல. வரப்புக்கு வர்றதுக்கே கூசுது போலருக்கு. தண்ணி சும்மா வடிகால்ல வீணாப் போகுதுங்க." மூச்சு வாங்கினார். "அதான் நானே போயி அவரு மடையத் தொறந்து விட்டுட்டேன்."

 "அப்ப பேசிட்டீங்களா?" என்றேன்.

"இன்னும் பேசலீங்க. தண்ணி போயிருக்கு" என்றார்.